புகையானின் இரண்டு தாளங்கள்

புதிதாகப் பூச்சியியல் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களிடம் உற்சாகமாக நாலு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். உற்சாகத்தை எனக்கு முன்னால் பேசியவர்களே கொடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் சந்தேகம்தான். வேலையில் இருந்தவரை 'சந்தேக மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள், ஓய்வு பெற்றதும் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். விவசாயி சொல்வதை யோசித்துத்தான் நம்புவேன். மருந்துக் கடைக்காரர் சொல்வதை நம்பவே மாட்டேன். என் கண்ணே சொன்னாலும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன். இந்தக் குணத்தோடு ஒருமுறை நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். இதே வேலையில் நீங்களும் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது. ஜேடர்பாளையம் அணைக்குக் கீழே வாய்க்கால் பாயும் ஓர் ஊர். அங்கே தொடர்ந்து இரண்டாவது வருடமாக நெல்லில் புகையான் விழுந்திருந்தது. புகையான் உங்களுக்குத் தெரியும். அரிசி அளவுகூட இல்லாத பழுப்புப் பூச்சி. தண்டின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பச்சையாக நிற்கும் வயலின் நடுவே யாரோ கொள்ளிக்கட்டையால் சுட்டதுபோல வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். கதிர் வரும் நேரத்தில் அதைப் பார்க்கும் குடும்பத்தில் அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் போனபோது வயல் வரப்பில் ஊரே நின்றது. முன்னால் நின்றவர் நல்லசிவம். வடக்கே பல வருடம் போர்வெல் ரிக் வண்டி ஓட்டிச் சம்பாதித்து, ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்ப்பவர். அங்கே அதிக வயல் அவருடையது, அதிகச் சேதமும் அவருடையதுதான். அவர் கை நீட்டிய பக்கம், வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு பள்ளமான துண்டு நிலம். கசிவுத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்பதால் அதில் நெல் வராது. நெல்லைப் போலவே தோன்றும், கையில் உருவினால் அறுக்கிற ஒரு காட்டுப்புல் அதில் இடுப்பளவு மண்டிக் கிடந்தது. நிலம் பாவாயி என்கிற அம்மாளுடையது. புருஷன் இல்லை. அந்தப் புல்லை அறுத்துப் போட்டு எருமைகள் வளர்த்துப் பாலூற்றிப் பிழைக்கிறவர். கூட்டத்தில் சேராமல், கதிர் அரிவாளோடு புல்லின் ஓரத்தில் தனியாக நின்றார்.

நல்லசிவம் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஏனுங்க மேடம், அந்தப் புல்லுக்காட்டுலதான் பூச்சி குடியிருக்குது. நாம நட்டதும் எந்திரிச்சு இங்க வந்து எறங்கிக்குது. களைக்கொல்லி அடிச்சு மொத்தத்தையும் கருக்கிப் போடறதுன்னு ஊருல பேசி முடிச்சாச்சுங்க. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

பாவாயி அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "எம்பட புல்லுல பூச்சியே இல்லீங்கம்மா! வேணும்னா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு தூரின் அடியில் கையால் தட்டினேன். தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோலப் பூச்சிகள் துள்ளின. நான் நிமிர்ந்தபோது பாவாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னவரை நம்புவது எப்படி? என் சந்தேகம் முழுக்க அவர் மேல் திரும்பியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புல்லில் இருந்ததும் புகையான், நெல்லில் இருந்ததும் புகையான். நிறம், இறக்கை, காலில் இருக்கும் முள் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?" என்றார் நல்லசிவம்.

"பார்வைக்கு ஒண்ணாத்தான் இருக்குதுங்கண்ணா."

"அப்பறம் என்னத்த யோசிக்கறீங்க?"

நான் யோசித்தது தீய்ந்த வட்டங்களைப் பற்றி. புல்லிலிருந்து பூச்சி இறங்கியிருந்தால் புல்லை ஒட்டிய வயல்தானே முதலில் கருகியிருக்க வேண்டும்? வட்டங்களோ வாய்க்காலை விட்டுத் தள்ளி, நல்லசிவத்தின் பெரிய வயலுக்கு நடுவில் இருந்தன. அதைச் சொன்னதும், "பறக்கற பூச்சிக்குப் பக்கம் என்ன தூரம் என்னங்க" என்றார். அதுவும் நியாயம்தான். அதனால் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். கூட்டம் முணுமுணுத்தது. "அந்தம்மா கண்ணுல தண்ணி உட்டுச்சு, மேடம் மயங்கிட்டாங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் வண்டி ஏறும்போது பாவாயி கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வாரம் கழிச்சு அவிங்க சொன்னதயேதான நீங்களும் சொல்லப் போறீங்க. இப்பவே சொல்லீட்டுப் போயிருக்கலாமில்லீங்க." இரண்டு தரப்புக்குமே என்மேல் நம்பிக்கை இல்லை. அது எனக்கு ஒரு வகையில் வசதியாகவே இருந்தது.

பூச்சி சத்தம் போடும் என்றால் நமக்கு நினைவு வருவது சில்வண்டும் வெட்டுக்கிளியும். அவை காற்றில் கேட்கும். புகையான் அப்படிப் பேசுவதில்லை. ஆண் பூச்சி தண்டில் உட்கார்ந்து வயிற்றை நடுக்கும். அந்த நடுக்கம் தண்டு வழியாகவே இறங்கி, தூர் முழுக்கப் பரவி, பக்கத்துத் தூரில் இலை உரசினால் அதற்கும் போகும். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் பெண் பூச்சி அதைக் காலால் உணர்ந்து, தாளம் தன் இனத்துடையதாக இருந்தால் தானும் வயிற்றால் தட்டிப் பதில் சொல்லும். அந்தப் பதில் வந்த வழியைத் தேடித் தேடி ஆண் நடக்கும். தாளம் வேறாக இருந்தால் பெண் பெரும்பாலும் பதில் சொல்லாது. உருவம் ஒன்றாக இருந்தாலும் தாளத்தை வைத்தே தங்களுக்குள் பிரிந்து வாழும் பூச்சிகள் உண்டு என்று படித்திருந்தேன். அப்படிப் பிரிந்திருந்தால் புல் பூச்சி நெல்லுக்கு வந்து பெருகாது, புல்லைக் கருக்கியும் பயனில்லை. படித்தது இங்கே, இந்த வாய்க்கால் கரையிலும் உண்மையா என்பது வேறு கேள்வி.

எங்களிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. பழைய கிராமபோன் ஊசித்தலை ஒன்று இருந்தது. இசைத்தட்டின் வரியில் உரசி நடுக்கத்தைச் சத்தமாக்கும் அந்த ஊசியைத் தண்டின் மேல் மெல்லச் சாய்த்து வைத்து, ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து, ஹெட்போனில் கேட்டேன். ஃபேன், ஃபிரிட்ஜ், எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் கேட்கும். வெளியே சாலையில் பாரம் ஏற்றிய லாரி போனால்கூட ஊசி அதைத்தான் பாடும். வியர்த்து வழிய உட்கார்ந்து, நெல் பூச்சி வேகமாகவும் புல் பூச்சி மந்தமாகவும் அதிர்வதைக் கேட்டேன். கணினியில் அலையாகப் பார்த்தபோதும் தெளிவான வித்தியாசம். அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, வேலையில் எனக்கு அபூர்வமாக வரும் சந்தோஷம் வந்தது.

சந்தோஷம் வந்தால்தான் எனக்குப் பயம் வரும். சாப்பிட்டுக்கொண்டே முகத்தைத் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றது. புல் பூச்சியைக் காலையில் வந்ததும் கேட்டேன். நெல் பூச்சியைக் கேட்டது அறை கொதிக்க ஆரம்பித்த பிறகு. பூச்சிக்குச் சொந்தச் சூடு கிடையாது. அறை சூடானால் அதன் நடுக்கமும் வேகமாகும். நான் கேட்டது இனத்தின் வித்தியாசமா, வெயிலின் வித்தியாசமா?

எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரே அறை, வெப்பமானி பக்கத்தில், ஒரு நெல் பூச்சி கேட்டால் அடுத்து ஒரு புல் பூச்சி. வித்தியாசம் முன்பு தெரிந்த அளவுக்கு இல்லை, சுருங்கிவிட்டது. ஆனால் மறையவில்லை. கூடவே நெல் பூச்சியின் குஞ்சுகளைப் புல்லிலும், புல் பூச்சியின் குஞ்சுகளை நெல்லிலும் விட்டு வளர்த்துப் பார்த்தேன். இடம் மாற்றியவை பெரும்பாலும் செத்தன. கூண்டில் வைத்த பூச்சி சாக நூறு காரணம் உண்டு என்பதால் அதையும் முழுசாக நம்பவில்லை.

அதற்குள் நெருக்கடி முற்றியது. எங்கள் நிலையத் தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் போனுக்குப் பயப்படுவார். ஊரிலிருந்து அவருக்குப் போன்மேல் போன். "எதுக்கும்மா இவ்வளவு இழுக்கிறே? புல்லுதானே, போனா முளைச்சுக்கும்" என்றார். "எருமை அதுவரைக்கும் எதைத் தின்னும் சார்?" என்று கேட்டேன். மறுபடி போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டார்.

ஒரு காலை நல்லசிவமே நேரில் வந்து நின்றார், இரண்டு உறவுக்காரர்களோடு.

"பூச்சி பேசறதக் கேட்டுட்டு இருக்கறதா ஊருல சொல்றாங்க. நானும் கேக்கோணுமுங்க."

உட்காரவைத்து ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தூரத்துல ரிக் வண்டி கம்ப்ரசர் ஓடற மாதிரி இருக்குது" என்றார். அடுத்து புல் பூச்சியைக் கேட்டுவிட்டு, "இது ஐடில்ல ஓடுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். இது பூச்சியா, நீங்க முன்னாலயே ரெகார்டு பண்ணி வெச்சதா, எனக்கு எப்படித் தெரியும்?"

உறவுக்காரர்கள் அவரைத் தடுக்கப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"என்ன செஞ்சா நம்புவீங்கண்ணா?"

"பூச்சிய நானே புடிச்சாரேன். எதுல எது இருக்குதுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க. சரியாச் சொன்னீங்கன்னா புல்லை உட்டுடறோம். தப்பாச் சொன்னீங்கன்னா அன்னிக்குச் சாயங்காலமே மருந்து."

பேச்சுக் குரல் கேட்டு வாசலில் வந்து நின்ற நிலையத் தலைவர் கண்ணால் வேண்டாம் என்றார். இதில் தோற்றால் பாவாயியின் புல்லோடு நிலையத்தின் பெயரும் கருகும் என்பது அவர் கவலை. எனக்கு வேறு கவலை. சம்மதிக்காவிட்டால் என் சோதனையின்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். சரி என்றேன்.

மறுநாள் அதே உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, நான்கு பிளாஸ்டிக் டப்பாக்களோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஈரமண்ணோடு ஒரு தூர். டப்பாவைச் சுற்றிச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார். வாயைத் துணியால் கட்டி, துணியின் நடுவே தண்டின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. மூன்றில் நெல் தண்டு, ஒன்றில் புல்.

எல்லா டப்பாவும் அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். அவர்கள் காலை அசைத்தாலும் ஊசி சொல்லிவிடும் என்பதால் மூவரையும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். முறைத்துக்கொண்டே சம்மணமிட்டார்கள்.

முதல் டப்பா, நெல் தண்டு. கொஞ்ச நேரத்தில் வேகமான நடுக்கம் வந்தது. "நெல்லுப் பூச்சி" என்றேன். இரண்டாவதில் புல். மந்தமான தாளம். "புல்லுப் பூச்சி." சரி, தப்பு என்று நல்லசிவம் எதையும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் படிக்க முயன்று, உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டேன். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதற்கு இந்த ஊசி எதற்கு?

மூன்றாவது டப்பா, நெல் தண்டு. ஒன்றுமே கேட்கவில்லை. வெகுநேரம் காத்திருந்தேன். நடக்கும் கீறல் சத்தம் மட்டும் வந்தது. நெல் தண்டு, அதனால் நெல் பூச்சி என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலைங்கண்ணா."

"தெரியலைன்னா?"

"எதுவும் பேசல. கேக்காததை நான் சொல்ல முடியாது."

உறவுக்காரரில் ஒருவர் சிரித்தார். நல்லசிவம் சிரிக்கவில்லை.

நான்காவதும் நெல் தண்டுதான். ஊசியை வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே தாளம் வந்தது. மந்தமான தாளம். நிமிர்ந்து தண்டைப் பார்த்தேன். சந்தேகமில்லாமல் நெல். வெப்பமானியைப் பார்த்தேன். மாறவில்லை. வெளியே லாரியா? எட்டிப் பார்க்கச் சொன்னேன். சாலை காலி. ஒரு பூச்சி களைத்துப்போய் மெதுவாக அதிர்கிறதோ? இன்னொன்று அதிரும்வரை காத்திருந்தேன். அதுவும் மந்தம். தண்டு மாறினால் சத்தத்தின் கனம் மாறலாம், தாளம் மாற வழியில்லை. அப்படியானால் என் காது கெட்டுவிட்டதா, இல்லை இத்தனை நாள் நான் கண்டுபிடித்ததாக நினைத்தது எல்லாமே பொய்யா? வாசலில் நின்ற தலைவர் என் பக்கம் குனிந்தார். "கண்ணுக்கு முன்னாலயே நெல்லுத் தண்டும்மா. சொல்லிட்டு முடி" என்று கிசுகிசுத்தார்.

கண் நெல் என்றது. காது புல் என்றது. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். நான் அங்கே உட்கார்ந்திருந்தது காதை நம்பி. கண்ணை நம்பித் தப்பித்துக்கொண்டால், முதல் இரண்டு டப்பாவுக்கு நான் சொன்ன பதிலுக்கும் மதிப்பில்லை.

"இதுல இருக்கறது நெல்லுல பொறந்த பூச்சி இல்லீங்க. புல்லுல பொறந்தது."

தலைவர் பெருமூச்சு விட்டது ஊசி வழியாகவே எனக்குக் கேட்டிருக்கும்.

நல்லசிவம் காலைக் கீழே இறக்கினார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். "தண்டை மாத்தி வெச்சேனுங்க" என்றார். "புல்லுப் பூச்சியப் புடிச்சு நெல்லுத் தூர்ல உட்டேன். தண்டப் பாத்துட்டுச் சொல்றீங்களான்னு தெரியோணுமில்லீங்க."

"மூணாவது டப்பா?"

"றெக்கை மொளைக்காத குஞ்சாப் பொறுக்கிப் போட்டேன். சின்னது அப்படிச் சத்தம் போடுமான்னு எனக்குத் தெரியாது. நீங்க சும்மாவாச்சும் ஏதாச்சும் சொல்றீங்களான்னு பாத்தேன்."

ஊசியைத் துடைத்து வைத்தேன். அவர் வெற்றி தோல்வியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "சரி, புல்லுல இருந்து வரலைன்னா, என்ற வயலுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"புல்லுல இருந்து ஒண்ணுகூட வராதுன்னு நான் சொல்லலீங்க. உங்க வயலைக் கருக்குனது அது இல்லைன்னுதான் சொல்றேன். நீங்க மொத மருந்து எப்ப அடிச்சீங்க?"

"நட்டு வேர் புடிச்சதுமே."

"அப்ப பூச்சி இருந்துச்சா?"

"இல்லீங்க. வந்துடக் கூடாதுன்னு முன்னாலயே அடிச்சது."

அந்த மருந்தின் வகையைக் கேட்டேன். சொன்னார். வயலில் சிலந்தியையும் புகையானைத் தின்னும் மற்றப் பூச்சிகளையும் முதலில் கொல்லும் வகை அது. காவல்காரர்கள் செத்த பிறகு காற்றில் வந்து இறங்கும் நாலு புகையான் போதும், தட்டிக் கேட்க ஆளில்லாமல் பெருகிவிடும். இதைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"மருந்துக் கடை வெச்சிருக்கறது என்ற மச்சானுங்க. அவன் எனக்குக் கெடுதல் பண்ணுவானா?"

"அவரைப் பத்தி நான் எதுவும் பேசலீங்க."

"பேசாமப் பேசறீங்க." டப்பாக்களை எடுத்துக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

ஆனால் வாக்கு மாறவில்லை. ஊர்க் கூட்டத்தில் அந்தப் புல்லைத் தொட வேண்டாம் என்று அவரே சொன்னாராம். ஆனாலும் ஒரு காலை, வாய்க்கால் கரையில் இருந்த புல்லின் ஒரு பகுதி மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. யார் அடித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. பாவாயி நல்லசிவத்தைச் சொன்னார். நல்லசிவம் பக்கத்து வயல்காரரைச் சொன்னார். நான் மச்சானை நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. நல்லவேளையாக எருமை எதுவும் அதில் வாய் வைக்கவில்லை. பள்ளத்துப் புல் அப்படியே இருந்தது.

அடுத்த பருவத்தில் நல்லசிவம் போன் செய்தார். "வாய்க்கா ஓரத்து வயலுக்கு மருந்தே போடாம உட்டிருக்கறனுங்க. தீஞ்சு போச்சுன்னா உங்களத்தான் வந்து கேப்பேன்." கதிர் வந்த நேரத்தில் போய்ப் பார்த்தேன். பாவாயியின் புல்லை ஒட்டியிருந்த அந்த வயல் பச்சையாக நின்றது. தூரில் சிலந்திகள் ஓடின. வழக்கம்போல மருந்து வாங்கிய பெரிய வயலில் வட்டங்கள் விழ ஆரம்பித்திருந்தன. நல்லசிவம் இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வயலை ஒரு பருவம் பார்த்துவிட்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அதை அவரே சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம் பாக்கோணுமுங்க." ஆள் என்னைவிட மோசமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பாவாயி வீட்டுக்குப் போனேன். எருமைக்குப் புல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னார். நன்றியெல்லாம் சொல்லவில்லை. அதனால் நானே கேட்டேன்: "அன்னிக்குப் புல்லுல பூச்சியே இல்லைன்னு ஏங்க்கா சொன்னீங்க?"

"இருக்குதுன்னு சொன்னா அப்பவே கருக்கியிருப்பாங்க. ரெண்டும் வேற வேறன்னு எனக்கென்ன தெரியும்? நானும் ஒண்ணுதான்னே நெனச்சேன்."

புல்லைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அந்தப் பொட்டியில ரெண்டும் ஒரே மாதிரி கேட்டிருந்தா, புல்லக் கருக்கச் சொல்லியிருப்பீங்களா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். எதிரே எருமைகள் மென்றுகொண்டிருந்தன.

"சொல்லியிருப்பேங்க்கா."

பாவாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "இருங்க, பால் காச்சறேன்" என்று உள்ளே போனார்.